குணசேகரனும் நாமும்

சென்ற மாதம் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றிப் பேச ஏழு பேர் கூடியிருந்தோம். பேச்சு எங்கோ திரும்பியபோது, 'எதிர்நீச்சல்' சீரியலை ஏறக்குறைய முழுவதும் பார்த்தவன் நான் என்று சொன்னேன். கவிஞர் ஒருவர் உடனே எனக்காகப் பரிந்து, "வீட்டில் ஓடும், காதில் விழத்தானே செய்யும்" என்றார். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். பாங்கிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரை மணிக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 2022 பிப்ரவரியில் ஆரம்பித்த முதல் பாகத்தை 2024 ஜூனில் அது முடியும்வரை பார்த்தேன்.

நம் வட்டத்தில் டெலிவிஷனைப் பற்றி ஒரே ஒரு அபிப்பிராயம்தான் உண்டு. அது பார்க்காமலே ஏற்பட்டது. முன்பு தொடர்கதையை ஒதுக்கியவர்கள் படித்துவிட்டு ஒதுக்கினார்கள். க.நா.சு. கல்கியைப் படித்துவிட்டுத்தான் மறுத்தார். வெங்கட் சாமிநாதன் தமிழ் சினிமாவைத் திட்டியதோடு நிற்கவில்லை; ஜான் ஆப்ரஹாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) படத்துக்குத் திரைக்கதை எழுதினார். ரேமண்ட் வில்லியம்ஸ் கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டே 1968 முதல் 1972 வரை 'லிஸனர்' பத்திரிகையில் டெலிவிஷனைப் பற்றி மாதாமாதம் எழுதினார். விளையாட்டு ஒளிபரப்புகூட அதில் அடக்கம். அதனால் அவருடைய படிப்பு ஒன்றும் தீட்டுப்பட்டுவிடவில்லை. சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஆரம்பமாயிற்று. அதன்பின் வந்த அரை நூற்றாண்டில் நாம் சேர்த்து வைத்திருப்பது ஒரு உதட்டுச் சுழிப்பு.

சீரியலுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஒரு அதிர்ச்சிக்கு ஆறு முகங்களை வரிசையாகக் காட்டுகிறார்கள். பின்னணி இசை, பாத்திரம் பேசுவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுகிறது. பட்டம்மாளின் நாற்பது சதவீதப் பங்கு மாதக்கணக்கில் இழுபடுகிறது. பாங்கில் உத்தியோகம் பார்ப்பவனால் இதைச் சகித்துக்கொள்ள முடியாது. இதெல்லாம் உண்மை. ஆனால் 'கோலங்கள்' (2003–2009) செய்த அதே திருச்செல்வம் இதில் ஒரு காரியம் செய்தார். படித்த நான்கு மருமகள்களைச் சமையலறையில் நிறுத்திப் பேசவிட்டார். படிப்பு ஒரு வீட்டுக்குள் எப்படி மழுங்கடிக்கப்படுகிறது என்பதைப் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவர்கள் பேசினார்கள். நம் நாவல்களில் தனிமை நிறைய இருக்கிறது. இந்தப் பேச்சு எவ்வளவு இருக்கிறது என்று யாராவது கணக்கெடுக்கலாம்.

சீரியலின் நிஜமான கோளாறு வேறு இடத்தில். வீட்டை ஆட்டிப்படைக்கும் ஆதி குணசேகரனை வெறுக்கவைப்பதுதான் அதன் நோக்கம். மாரிமுத்துவின் நடிப்பு அவனை விரும்பவைத்துவிட்டது. அந்த "இந்தாம்மா ஏய்" ஊரெங்கும் பரவிற்று. எங்கள் கிளையில் ஒரு சக குமாஸ்தா, கூட்டிப் பெருக்க வரும் அம்மாளை அப்படிக் கூப்பிட்டார். நாங்கள் சிரித்தோம். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காப்பி கேட்க என் மனைவியை நானும் அப்படியே கூப்பிட்டேன். "இன்னொரு தரம் அப்படிக் கூப்பிடாதீங்க" என்றாள். கொடுங்கோலனைத் தோலுரிக்கக் கிளம்பிய கதை, கொடுங்கோன்மைக்கு ஒரு ருசியான தொனியைக் கொடுத்துவிட்டது. அந்தத் தொனியை எடுத்துக்கொண்டவர்களில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த நானும் ஒருவன். இது விமர்சனத்துக்கு உரிய பிரச்னை இல்லையா?

2023 செப்டம்பர் 8 அன்று, அந்த சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மயங்கி, மாரிமுத்து காலமானார். சில வாரங்களில் வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். 'குற்றப்பரம்பரை' எழுதியவர் என்பதால் அப்போதுதான் நம்மவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் காதில் விழுந்ததெல்லாம் ஒரே கேள்விதான்: ஒரு எழுத்தாளர் அங்கே போகலாமா? பாத்திரம் என்னவாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாதான் சொன்னாள். "முன்னே இருந்தவரைப் பார்த்தா சிரிப்பு வரும். இவரைப் பார்த்தா பயமா இருக்கு. இப்படித்தான் இருக்கணும் அவன்." ஊர் முழுக்கப் பழைய நடிகருக்காக ஏங்கிக்கொண்டிருந்தபோது அம்மா இதைச் சொன்னாள். நடிப்பையும் பாத்திரத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அபிப்பிராயம் இது. அவள் எட்டாவது வரைதான் படித்தவள்.

இன்னொரு நாள், விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே சொன்னாள்: "உங்க அப்பா இப்படிச் சத்தம் போடமாட்டார். சத்தமே போடமாட்டார். அதான் வெளியிலே யாருக்கும் தெரியலை." அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி அவள் இப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அமைதியானவர் என்று நான் அவரைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறேன். இதே பத்திரிகையில் அது வந்தது, சிலர் பாராட்டினீர்கள். விளம்பரம் முடிந்தது. அம்மா திரும்பவும் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

சீரியல் கலையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் என் வீட்டில் நாற்பது வருஷம் பேசப்படாமல் கிடந்த ஒன்று அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் பேசப்பட்டது. என் கவிதை அதைச் செய்யவில்லை. மூடி வைக்க உதவிற்று. கவிதைதான் உயர்ந்தது என்று நானும் நம்புகிறேன். அப்படியென்றால் இதற்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.

நான் கேட்பது அதிகமில்லை. ஒரு மாதம், ஏதாவது ஒரு சீரியலை, வீட்டில் அதைப் பார்ப்பவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் பேசுவதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதற்குப் பிறகு திட்டுங்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.