கணக்கைச் சோதிப்பவர் யார்?

பால் நிறுத்த காலமோ, குலை எண்ணும் காலமோ, லாயாங் லாயாங் தோட்டத்து மக்களுக்கு நிறுவையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தராசு பிடிக்கிறவரே தராசையும் சோதித்தால் மனசு ஒப்புமா? கம்பெனிக் கணக்கும் அப்படித்தான். எழுதுவது நிர்வாகம், சோதிப்பவர் வெளியாளாக இருக்கவேண்டும். அவர்தான் கணக்காய்வாளர், நாம் சொல்லும் ஆடிட்டர்.

மைக்கா ஹோல்டிங்ஸ் 1982இல் அமைந்தது. ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் தருவதாகச் சொல்லி வாங்க வந்தார்கள். இத்தனை வருஷக் காத்திருப்புக்கு அதுதான் விலை! இடையில் எத்தனை பேர் ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள்?

ஆடிட்டர் லாபம் தேடித் தருபவர் அல்ல. காட்டிய கணக்கு உண்மையா, நியாயமா என்று கருத்துச் சொல்வார், அவ்வளவுதான். கேள்வி கேட்பது பங்குக்காரர் வேலை. பொதுக் கம்பெனியில் ஆடிட்டரை நியமிக்கும் ஓட்டும் ஆண்டுக் கூட்டத்தில் அவர்கள் கையில்தான் இருக்கிறது. நம்மவர் பலரோ, யாரோ நீட்டும் பதிலாள் பாரத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஓட்டு அதோடு போச்சு!

தோழர்களே, கூட்டுறவோ கம்பெனியோ, ஆண்டறிக்கை வந்தால் ஆடிட்டர் எழுதிய பக்கத்தை முதலில் பாருங்கள். மொழி புரியாவிட்டால் படிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். "இதைத் தவிர மற்றவை சரி" என்று எழுதியிருந்தால், கூட்டத்தில் எழுந்து, "அது என்ன?" என்று கேளுங்கள். போட்டது நம் வியர்வைக் காசு. கேட்க வெட்கம் எதற்கு?