பழைய கணினிகளில் பழைய விண்டோஸ்: சிக்கனமா, ஆபத்தா?

உலகில் மிகப் பெருந்தொகையானோர் பயன்படுத்தி வந்த விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புச் சேவையை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளியான இம்முறைமை பத்தாண்டுகளைக் கடந்த நிலையில் ஓய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது. கொழும்பிலுள்ள பெரிய நிறுவனங்களுக்கு இது ஒரு கொள்வனவுக் கட்டளையோடு தீர்ந்துவிடும் விடயமாக இருக்கலாம். ஆனால் திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேசத்திலுள்ள லிங்கநகர் போன்ற குடியிருப்புகளில், ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே கணினி என்ற நிலையில் வாழ்வோருக்கு இது வேறு விதமான கேள்வியை எழுப்பியிருக்கிறது. கையிலிருக்கும் கணினியை என்ன செய்வது என்பதே அக்கேள்வியாகும்.

பணிசெயல் முறைமை எனப் பாடநூல்களும் இயங்குதளம் எனப் பொதுவழக்கும் குறிப்பிடும் அடிப்படை மென்பொருளே கணினியின் ஏனைய வேலைகள் அனைத்தையும் தாங்கி நிற்பது. 2021 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 ஐ நிறுவுவதற்கு டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு, 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பிடம் ஆகியவற்றோடு, அந்நிறுவனம் அங்கீகரித்த பட்டியலிலுள்ள செயலியும் இருத்தல் வேண்டும். இன்டெல் செயலிகளைப் பொறுத்தவரையில் அப்பட்டியல் பெரும்பாலும் 2017 இல் அறிமுகமான எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றது. அதற்கு முன்னர் வாங்கப்பட்ட கணினி, பழுதின்றி இயங்கினாலும் கூட, புதிய முறைமைக்குத் தகுதியற்றது என ஒதுக்கப்படுகின்றது.

இந்நிலையில்தான் பலர் முன்னோக்கிச் செல்ல முடியாமல் பின்னோக்கிச் செல்கின்றனர். கணினி மெதுவாக இயங்குகிறது என்று திருத்துநரிடம் கொண்டு சென்றால், விண்டோஸ் 7 ஐ மீண்டும் நிறுவித் தருவது வழமையான வைத்தியமாகிவிட்டது. சில இடங்களில் விண்டோஸ் எக்ஸ்பி கூட இன்னும் உயிரோடு இருக்கின்றது. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. 2 கிகாபைட் நினைவகமும் சுழலும் பழைய வன்தட்டும் கொண்ட ஒரு கணினியில் விண்டோஸ் 10 தவழும். விண்டோஸ் 7 ஓரளவு நடக்கும். பழைய அச்சுப்பொறிக்கும் வருடிக்கும் உரிய இயக்கி மென்பொருள்கள் புதிய முறைமைகளுக்கு வெளியிடப்படாமலே விடப்பட்டுள்ளன. ஒரு தொடர்பாடல் நிலையத்தின் அன்றாட வருமானம் அந்த அச்சுப்பொறியிலேயே தங்கியிருக்கும்போது, உரிமையாளர் அச்சுப்பொறிக்கேற்ற முறைமையைத் தேடுவது இயல்பே.

பொருளாதாரக் காரணமும் கண்முன்னே உள்ளது. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. பெரும்பாலும் இறக்குமதியாகும் கணினிகளின் விலை அதனோடு சேர்ந்தே உயர்ந்தது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக்கப்பட்டது. 2020 இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கடன்பட்டேனும் பழைய கணினியொன்றை வாங்கிய பெற்றோர், அதற்குள் இன்னொன்றை வாங்குவர் என எதிர்பார்க்க முடியாது. கிண்ணியாவிலும் மூதூரிலும் மத்திய கிழக்கு உழைப்பில் வாங்கப்பட்ட கணினியாயினும், நகரப் பாடசாலைக்குப் புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் அனுப்பி வைத்த கணினியாயினும் நிலைமை ஒன்றே.

எழுத்துருப் பிரச்சினை மற்றொரு காரணமாகும். நமது நாட்டில் நீண்ட காலம் ஆட்சி செலுத்தியது பாமினி எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்த ஏற்பாடேயன்றி, தமிழுக்கெனத் தனியிடம் கொண்ட குறியேற்றம் அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆவணத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே காணப்படும். எனினும் பல்லாண்டுகாலக் கடிதங்களும் வினாத்தாள்களும் சங்கக் கூட்ட அறிக்கைகளும் அவ்வாறே தட்டச்சுச் செய்யப்பட்டிருப்பதால், பழைய கணினியை அப்படியே காப்பாற்றி வைக்கவே பலர் விரும்புகின்றனர்.

ஒருங்குறியைப் பொறுத்தவரையில் பழைய முறைமை தமிழுக்கு நட்பானதாகவும் இருக்கவில்லை. ஆங்கில விண்டோஸ் எக்ஸ்பியில் மொழி அமைப்புகளுக்குள் சென்று ஒரு பெட்டியைத் தெரிவு செய்து, நிறுவல் இறுவட்டையும் இட்ட பின்னரே தமிழ் எழுத்துகள் உரிய வடிவில் தோன்றின. வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபு மொழிக்கும் அதே பெட்டியே வாயிலாக இருந்தது. பாடசாலையில் தமிழும் மத்ரஸாவில் அரபும் கற்கும் ஒரு பிள்ளைக்கு இரண்டு மொழிகளும் இன்று எவ்விதத் தடையுமின்றிக் கிடைப்பது பிந்திய முறைமைகளின் பயனே. எனவே எக்ஸ்பிக்குத் திரும்புவது மொழி விடயத்திலும் பின்னோக்கிய பயணமே எனலாம்.

இனி ஆபத்தினை நோக்குவோம். ஒரு முறைமை வெளியான பின்னர் அதிலுள்ள ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படுகின்றன. நிறுவனம் அவற்றை மாதந்தோறும் அடைத்து வருகின்றது. சேவை நிறுத்தப்பட்டதும் அடைப்பது நின்றுவிடுகின்றது. ஓட்டைகளைத் தேடுவது நிற்பதில்லை. எக்ஸ்பிக்கான சேவை 2014 ஏப்ரல் 8 ஆம் திகதியும், விண்டோஸ் 7 இற்கான பொதுச் சேவை 2020 ஜனவரி 14 ஆம் திகதியும் முடிவடைந்தன. 2023 இன் தொடக்கத்திலிருந்து கூகுளின் குரோம் உலாவியும் விண்டோஸ் 7 ஐக் கைவிட்டது. கணினி இயங்கும், ஆனால் வங்கி, பரீட்சை, அரச சேவை ஆகியவற்றின் தளங்கள் ஒவ்வொன்றாக அதற்குக் கதவடைக்கும்.

2017 மே 12 ஆம் திகதி பரவத் தொடங்கிய வன்னாகிரை எனும் கப்பம் கோரும் மென்பொருள் இதற்குப் பெரும் பாடமாகும். 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அது முடக்கியது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் இரத்தாகின எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான அடைப்பு இரு மாதங்களுக்கு முன்னரே, 2017 மார்ச்சில், வெளியிடப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அவ்வடைப்பு நிறுவப்படாத விண்டோஸ் 7 கணினிகள் என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது, முறைமையின் வயதைப் போலவே அதன் பராமரிப்பின்மையும் ஆபத்தானதே.

தொலைதூர உதாரணம் தேவையில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பே கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லாமையால் அக்காலத் தரவுகள் மீளப் பெற முடியாதவாறு அழிந்தன. அங்கு பயன்பாட்டிலிருந்தது மைக்ரோசொப்டின் எக்ஸ்சேஞ்ச் சேவையகத்தின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பாகும்; அதற்கான சேவை 2023 ஏப்ரலில் முடிவடைந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 இலிருந்தே இருந்தும், நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் தாமதமானதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கமளித்தது. கொழும்பின் உயர்மட்ட அலுவலகங்களுக்கே நேர்ந்த கதி இதுவெனில், ஒரு சந்திக் கடையின் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சந்திக் கடையின் கணினி சாதாரணமானதல்ல என்பதையும் நாம் உணர வேண்டும். திருகோணமலை மாவட்ட மக்கள் போரினாலும், 2004 டிசம்பர் கடற்கோளினாலும், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் ஏற்பட்ட இடப்பெயர்வினாலும் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் திரும்பத் திரும்ப இழந்தவர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த வெள்ளமும் கடதாசி எவ்வளவு நிலையற்றது என்பதை நினைவூட்டிச் சென்றது. ஆதலால் இன்று ஆவணங்களை வருடிப் படமாக வைத்திருக்கும் பழக்கம் பரவியுள்ளது. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, காணி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம் எனத் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் அனைவரதும் ஆவணங்கள் கடைக் கணினிகளின் கோப்புறைகளில் அழிக்கப்படாமல் கிடக்கின்றன. வாடிக்கையாளர் ஒப்படைத்த அப்பிரதிகள் ஓர் அமானிதம்; ஓர் அடைக்கலப் பொருள். பூட்டில்லாத பெட்டியில் அதனை வைத்திருக்க எவருக்கும் உரிமையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டமை இப்பொறுப்பு வெறும் நல்லொழுக்கமாக மட்டும் விடப்படவில்லை என்பதையே காட்டுகின்றது.

பழைய முறைமை எந்த வழியில் வந்து சேர்கின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. விண்டோஸ் 7 இன்று கடைகளில் விற்கப்படுவதில்லை. ஆகவே கைமாறி வரும் இறுவட்டுகளும் பென் ட்ரைவ்களும் இணையத்தில் எவரோ ஏற்றி வைத்த பிரதிகளுமே ஊற்றாக உள்ளன. அனுமதிப்பத்திரச் சோதனையை உடைப்பதற்கென இணைக்கப்படும் சிறு மென்பொருள்களோடு தீம்பொருள்களும் சேர்ந்து வருவது பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. அவற்றை நிறுவுமுன் வைரஸ் காப்பை நிறுத்துமாறு கூறப்படுவதன் பொருளைப் பலர் சிந்திப்பதில்லை. காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டைத் திறந்து விடுமாறு கேட்பதற்கு அது ஒப்பானது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் இது குற்றமாகவும் அமைகின்றது.

அவ்வாறாயின் ஏழைக் குடும்பம் என்ன செய்வது? முதலாவதாக, விண்டோஸ் 10 ஐ நீக்கிவிட்டு 7 ஐ நிறுவுவது எந்தக் கோணத்திலும் பயனற்றது. விண்டோஸ் 10 இற்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்த பாதுகாப்புச் சேவை அறிவிக்கப்பட்டது. மைக்ரோசொப்ட் கணக்கின் மூலம் கணினி அமைப்புகளைக் காப்புப் பிரதி செய்வோருக்கு அது கட்டணமின்றியும், ஏனையோருக்கு 30 டொலருக்கும் வழங்கப்படும் எனக் கூறப்பட்டது. அது அவகாசமேயன்றித் தீர்வு அல்ல. இரண்டாவதாக, கணினி மெதுவாவதற்குப் பெரும்பாலும் முறைமையை விடச் சுழலும் வன்தட்டே காரணம். அதனை அகற்றி எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தையும் சற்றுக் கூட்டினால், புதிய கணினியின் விலையில் சிறு பங்கோடு காரியம் நிறைவேறும்.

மூன்றாவது வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை கட்டணமற்றவை, சட்டபூர்வமானவை, பழைய கணினிகளிலும் இயங்குபவை, பாதுகாப்பு அடைப்புகளைத் தொடர்ந்து பெறுபவை. நிறுவுமுன் பென் ட்ரைவிலிருந்தே இயக்கிப் பரீட்சித்துப் பார்க்கவும் முடியும். இலங்கையில் தமிழ்த் தட்டச்சர்கள் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்புக் கூட லினக்ஸின் எம்17என் உள்ளீட்டுத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது என்பது பலரும் அறியாத செய்தி. பாமினி ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. அயலிலுள்ள கேரள மாநிலம் தனது பாடசாலைகளின் கணினிக் கல்வியைப் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்தி வருகின்றது. நமது நாடும் இத்துறைக்குப் புதியதன்று. கடற்கோளின் பின்னர் இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய சஹானா எனும் கட்டற்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், 2005 பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் பயன்படுத்தப்பட்டது.

இதில் தடைகள் இல்லையென்று கூற முடியாது. நமது மாணவர்கள் மைக்ரோசொப்ட் ஒபிஸ் மென்பொருளின் பட்டியல்களை மனப்பாடம் செய்தே பரீட்சைக்குச் செல்கின்றனர். லிப்ரே ஒபிஸில் அதே வேலையைச் செய்ய முடிந்தாலும், பொத்தான்கள் இடம் மாறியிருப்பது அவர்களைத் தடுமாறச் செய்யும். கணக்கியல் மென்பொருள்கள் சில விண்டோஸிலேயே இயங்கும். சில பழைய அச்சுப்பொறிகள் லினக்ஸிலும் ஒத்துழைக்க மறுக்கலாம். இத்தகைய தேவைகளுக்குப் பழைய விண்டோஸ் தவிர்க்க முடியாததாயின் அதனை வைத்திருக்கலாம்; ஆனால் அக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்தே வைத்திருத்தல் வேண்டும். இணைய வேலைக்கு ஒன்று, அச்சு வேலைக்கு ஒன்று எனப் பிரிப்பது கடைக்காரருக்குச் சிரமமாயினும் இயலாத காரியமல்ல. அவற்றுக்கிடையே பென் ட்ரைவ் ஓடித்திரிந்தால் துண்டித்த பயன் கெடும் என்பதையும் மறத்தலாகாது.

பெரிய நிறுவனத்தின் பொறுப்பும் இங்கு கேள்விக்குரியதே. இயங்கக்கூடிய கணினிகளைத் தகுதியற்றவையாக்கும் தீர்மானத்தின் சுமையை ஏழை நாடுகளே சுமக்கின்றன. 2022 இல் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியல் கழிவை உருவாக்கியதாகவும், அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரிக்கப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகளின் 2024 ஆம் ஆண்டறிக்கை கூறுகின்றது. துறைமுக நகரொன்றின் கரையோரங்கள் மேலும் ஒரு குப்பை மேட்டைத் தாங்க மாட்டா.

2025 பெப்ரவரியில் கவ்பே கட்டண முறைமை தொடங்கப்பட்டது முதல் அரச கொடுப்பனவுகள் படிப்படியாக இணையத்துக்கு நகர்கின்றன. மக்களை இணையத்துக்கு அழைக்கும் அரசு, அவர்கள் எந்தக் கணினியோடு வருகின்றார்கள் என்பதைப் பார்க்காதிருக்க முடியாது. கொனேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் உள்ளனர். பாடசாலைகளில் ஆய்வுகூடங்கள் உள்ளன. பள்ளிவாசல் நிர்வாகங்கள், ஆலய பரிபாலன சபைகள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியன மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, பழைய கணினிகளைப் பாதுகாப்பான முறைமைக்கு மாற்றிக்கொடுக்கும் முகாம்களை நடத்தலாம். இரத்ததான முகாமை நடத்தத் தெரிந்த சமூகங்களுக்கு இது கடினமானதன்று. புதிய கணினிகளை அன்பளிப்புச் செய்வதைக் காட்டிலும் இருக்கும் பத்துக் கணினிகளைக் காப்பாற்றுவது குறைந்த செலவில் கூடிய பயன் தரும்.

பழைய பொருளைப் பேணிப் பயன்படுத்துவது நமது மக்களின் நல்ல குணம். அக்குணத்தைக் கைவிடுமாறு எவரும் கோரத் தேவையில்லை. கணினி பழையதாக இருக்கலாம். அதனுள் இயங்கும் முறைமை மட்டும் காவலற்றதாக இருத்தலாகாது. இவ்வேறுபாட்டை நமது திருத்துநர்களும் கடைக்காரர்களும் பெற்றோரும் புரிந்துகொள்வார்களாயின், லிங்கநகர் வீடொன்றின் பத்தாண்டுக் கணினி இன்னும் சில ஆண்டுகளுக்கு அச்சமின்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்.