விடியும்வரை நடக்கட்டும்

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் அடுத்த பேச்சு, ‘என்ன நாடகம், யாரு ராஜபார்ட்?’ என்பதுதான். தலைக்கட்டு வரியாக வசூலித்த பணத்தில் ஒரு பங்கு ‘வள்ளி திருமண’த்துக்குப் போய்விடும்.

‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என எல்லாரும் தனித்தனியே அட்வான்ஸ் வாங்கி வந்தவர்கள். அரிதாரம் பூசும் இடத்தில்தான் பலர் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஒத்திகை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம், அவ்வளவுதான்.

நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கும் இடத்தைப் பாருங்கள். நாரதர் கேள்வியை வீசுகிறார். வள்ளி வசனத்தில் பதிலைத் தொடங்கி, பாதியில் விருத்தத்துக்குத் தாவுகிறார். ராகம் எதுவென்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆர்மோனியக்காரர் அவர் வாயைப் பார்த்தபடியே முதல் இழுப்பில் பிடித்துவிடுகிறார். சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்குப் பதில் என்னவென்று தெரியும். இந்த வள்ளி அதை எப்படிச் சொல்லப்போகிறாள் என்று கேட்கத்தான் விழித்திருக்கிறாள். ஒத்திகையின்மையைக் குறையாகச் சொல்லும் நவீன நாடகக்காரர்கள் பட்டறை பட்டறையாகத் தேடுவது இந்தத் தேர்ச்சியைத்தான்.

நட்டம் யாருக்கு என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1947-ல் எடின்பரோ கலைவிழாவுக்கு அழைக்கப்படாத எட்டுக் குழுக்கள் தாமாகவே போய் ஓரமாக நாடகம் போட்டன. அதிலிருந்து வளர்ந்த ‘ஃபிரிஞ்ச்’ விழாவில் அரங்க வாடகையைப் பெரும்பாலும் நடிப்பவர்களே சுமக்கிறார்கள். கூட்டம் வராவிட்டால் நட்டம் அவர்களுக்கு. நம் கரிசல் மேடையில் நட்டத்தை ஊரே வாங்கிக்கொள்கிறது. டிக்கெட் இல்லாமல் எல்லாரும் பார்க்கலாம். பாட்டு சரியில்லையென்றால் மறுவருடம் அழைப்பு வராது. இதைவிடக் கறாரான விமர்சனம் எந்த விழாவில் இருக்கிறது?

துணிச்சலும் இந்த மேடைக்குப் புதிதல்ல. சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ் புராண வேடத்திலேயே வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் பாடினார். பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

இன்று நாடகத்தை நெருக்குவது கடிகாரம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு, வருடத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். பத்து மணிக்குப் பபூன் வந்து பேசத் தொடங்கும் நாடகத்துக்கு நள்ளிரவு எந்த மூலைக்கு? கதையைச் சுருக்கு என்றால் முதலில் வெட்டுப்படுவது தர்க்கம்தான்.

நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அமைதி வேண்டும்; மறுக்கவில்லை. ஊரெங்கும் கட்டும் குழாய்களை அவிழ்த்துவிட்டு, மேடையருகே பாக்ஸ் மட்டும் மட்டான சத்தத்தில் வைக்கட்டும். ஊர் கேட்டு நடத்தும் ஒரே ஓர் இரவுக்கு விடியும்வரை அனுமதி கிடைக்குமாறு விதியைத் திருத்தச் சொல்லி அரசைக் கேட்கிறோம்.

எங்கள் பங்குக்கு, வரும் பங்குனி முதல் இவ்வட்டார நாடகங்களுக்கு இவ்விதழில் விமர்சனம் வரும். ஆர்மோனியம், மிருதங்கம் வாசித்தவர்களின் பெயர்களும் அதில் இருக்கும்.