நுங்கம்பாக்கத்தில் பெயர் பெற்ற 'ஆசியா'!

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான குறுங்கோள்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் 67-வது எண் கொண்ட பாறைக்கு 'ஆசியா' என்று பெயர். அது கண்டுபிடிக்கப்பட்ட இடம், சென்னை நுங்கம்பாக்கம்!

1861-ம் ஆண்டு ஏப்ரல் 17. மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவராக அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்திருந்தார், இங்கிலாந்தைச் சேர்ந்த நார்மன் போக்சன். அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது ஒரு புதிய ஒளிப்புள்ளி.

வானத்தைப் படமெடுத்துக் குறுங்கோள் தேடும் வழக்கம் அப்போது இல்லை. நட்சத்திர வரைபடத்தை வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் அதோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி தென்பட்டால், அடுத்தடுத்த இரவுகளிலும் பார்க்க வேண்டும். இடம் மாறியிருந்தால் அது நட்சத்திரம் அல்ல. தொடர்ந்து சில நாள் மேகம் மறைத்துவிட்டால், கண்டுபிடித்ததே கைநழுவிப் போய்விடலாம்.

ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால், கண்டத்தின் பெயரையே அதற்கு வைத்தார் போக்சன்.

'ஆசியா' கல் வகையைச் சேர்ந்தது. பாறைத் தாதுக்களோடு இரும்பும் நிக்கலும் கலந்திருக்கும் வகை இது. அதன் குறுக்களவு சுமார் 58 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரைக்குமான தூரம்! சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய மூன்றே முக்கால் ஆண்டு ஆகும். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

போக்சன் இதோடு நிற்கவில்லை. சாப்போ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) என இன்னும் நான்கு குறுங்கோள்களை மெட்ராஸிலிருந்தே கண்டுபிடித்தார். இவற்றில் சில்வியாவுக்கு இரண்டு குட்டி நிலவுகள் உண்டு என்பது இந்த நூற்றாண்டில்தான் தெரியவந்தது.

செல்போனில் நட்சத்திர ஆப் வைத்திருக்கிறீர்களா? அதில் நட்சத்திரத்தின் பிரகாசத்தை ஓர் எண்ணால் குறித்திருப்பார்கள். அந்த அளவுகோலுக்குத் திட்டமான கணக்கை 1856-லேயே முன்வைத்தவரும் இதே போக்சன்தான். முதல் நிலை நட்சத்திரம், ஆறாம் நிலை நட்சத்திரத்தைவிட 100 மடங்கு பிரகாசமானது என்பது அவர் கணக்கு.

முப்பது ஆண்டுகள் மெட்ராஸில் பணியாற்றிய போக்சன், 1891-ல் இங்கேயே காலமானார். அதே ஆண்டின் இறுதியில், ஜெர்மனியில் மாக்ஸ் வோல்ஃப் முதன்முறையாகப் புகைப்படத்தின் மூலம் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். கண்ணால் தேடிய காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது.

அந்த வானாய்வகம் இப்போது இல்லை. 1792-ல் நிறுத்தப்பட்ட அதன் கருங்கல் தூண் மட்டும், நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.