முருங்கைக்கீரை செய்த குற்றம் என்ன?

அக்கா மகளுக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் பார்க்கப் போனேன். ஃப்ரிட்ஜ் மேல் அயர்ன் மாத்திரை அட்டை, ஒன்றுகூடப் பிரிக்காமல் கிடந்தது. அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துப் போயிருக்கிறது. “இரும்புதான் இந்த நோயை வளர்க்குதாம் சித்தி. முருங்கைக்கீரையைக்கூட விட்டுட்டேன்” என்றாள்.

இப்படிச் சொல்லிப் பரப்புகிறவர்களிடம் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆபத்து.

மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போய் அடிவயிற்றுக்குள் விழும். அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920களிலேயே எழுதியது இது. அங்கே சிவப்பணுக்கள் உடைந்தால் இரும்பு வெளிவரும். சினைப்பையில் வரும் சாக்லேட் கட்டியைத் திறந்தால் பழுப்பாக, கெட்டியாக வழிவது பழைய ரத்தம்தான். அதில் எந்தப் புரதமும் பிடித்துவைக்காத இரும்பு மிக அதிகம். அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து சுற்றியுள்ள திசுவை அரிக்கிறது. இதுவரை மறுப்பில்லை.

ஆனால் அந்த இரும்பு கசிந்த ரத்தத்திலிருந்து வந்தது, சோற்றுத் தட்டிலிருந்து அல்ல. சாப்பாட்டில் வரும் இரும்பைக் குடல் தாராளமாக உள்ளே விடுவதில்லை. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் காவல் நிற்கிறது. சாதாரணமாக நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான் உள்ளே போகும். போனதும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைப் பிடித்து, பெரும்பகுதியை எலும்பு மஜ்ஜைக்குக் கொண்டுபோகிறது, புது ரத்தம் ஊற.

இரும்புதான் நோய்க்கு மூலகாரணம் என்கிறார்கள். ஆனால் பின்னோக்கிய கசிவு பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. நோய் வருவதோ ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. 2006இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்றில் எலிகளின் வயிற்றுக்குள் கருப்பை உட்சவ்வுத் திசுவோடு கூடுதல் சிவப்பணுக்களையும் செலுத்தினார்கள். ஏற்கெனவே ஒட்டிய திசுவின் செல்கள் வேகமாகப் பெருகின. திசு போய் ஒட்டிக்கொள்வது அதனால் கூடவில்லை. எரிகிற அடுப்பில் எண்ணெய் விழுந்த மாதிரி. அடுப்பைப் பற்றவைத்தது வேறு.

இரும்பை வெளியேற்றும் மருந்து அதே ஆய்வில் எலிகளில் பெருக்கத்தைக் குறைத்தது உண்மை. மனிதர்களுக்கு அது இன்னும் இந்த நோய்க்கான சிகிச்சையாகவில்லை. வலி மருந்து, ஹார்மோன், அறுவை சிகிச்சை, இவைதான் கையில் இருப்பவை.

மாதவிலக்கில் போகும் இரும்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லி ரத்தத்தோடு அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதம் 80 மில்லி போகிறவளுக்கு 40 மில்லிகிராம் நஷ்டம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. இவர்களிடம் போய்க் கீரையை விடச் சொல்வது கொடுமை.

குறைவில்லாதவர்கள் சும்மா மாத்திரை விழுங்க வேண்டாம்தான். குறைவு உண்டா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் ஏறி, குறைவை மறைத்துவிடும். அதனால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராமல் மருத்துவரிடம் அதன் பொருளையும் கேளுங்கள்.