முகவரி யாருடைய பெயரில்?

படுவான்கரையிலுள்ள ஒரு கிராமத்தின் மாதர் சங்கக் கூட்டத்துக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து தேநீர் வந்த வேளையில் சங்கத்தின் பொருளாளர் ஒரு பற்றுச்சீட்டை எம்மிடம் நீட்டி, "இதெ ஒருக்காப் பாருங்க பாதர்" என்றார். 35,000 ரூபாவுக்கான பற்றுச்சீட்டு அது. சங்கத்தின் மரமுந்திரிகைப் பருப்பையும் பன்பாய்களையும் உலகமெங்கும் விற்க இணையத்தளம் அமைத்துத் தருவதாகக் கூறி, நகரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் பெற்றுக்கொண்ட பணம். கூகுளில் தேடினால் முதற் பக்கத்தில் உங்கள் பெயர் வரும், இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஓடர் குவியும் என்று அவர் உறுதியளித்திருக்கிறார். தளமும் வந்தது, படங்களும் அழகாகத்தான் இருந்தன. முதல் வருடத்தில் மூன்று பேர் விலை விசாரித்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை. இரண்டாம் வருடம் பிறந்தபோது தளமே மறைந்துவிட்டது. வருடச் சந்தா கட்டப்படவில்லை. இணைய முகவரியோ அந்த இளைஞரின் பெயரில் பதியப்பட்டிருந்தது. அவருடைய தொலைபேசி இப்போது ஒலிப்பதில்லை.

அந்தப் பணம் சுழற்சிக் கடன் நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. ஒருவரின் கோழிக்கூட்டுக்கும் இன்னொருவரின் விதைநெல்லுக்கும் போயிருக்க வேண்டிய பணம். அன்றைய கூட்டத்தில் அந்த முடிவை ஆதரித்துப் பேசியவர்கள் வேறு யாருமல்லர், நாமேதான். ஆகவே இக்கட்டுரையை ஒரு புத்திமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்ட பின் யோசித்ததை எழுதுகிறோம்.

இணையம் எமக்குப் பகையல்ல. ஆனால் அது இன்றுவரை எமது கிராமங்களில் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் இணையவழி வியாபாரத்தின் முன்னோடிகளுள் ஒன்றான கப்ருக்கா 2003 இல் தொடங்கியது. வெளிநாட்டிலுள்ளவர்கள் அங்கிருந்தே பணம் செலுத்தி, இங்குள்ள உறவினருக்குக் கேக்கும் பூவும் அனுப்புவதுதான் அதன் ஆரம்ப வியாபாரம். பின்னர் டறாஸ் வந்தது. 2018 இல் அதனைச் சீனாவின் அலிபாபா வாங்கிக்கொண்டது. இன்று எமது ஒழுங்கைகளுக்குள்ளும் பொதி கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்கள் வருகின்றன. சட்டை, சப்பாத்து, தொலைபேசி உறை எல்லாம் வீட்டு வாசலுக்கு வருகின்றன. வரும் பொதிகளை எண்ணிப் பாருங்கள். பிறகு ஊரிலிருந்து வெளியே போகும் பொதிகளையும் எண்ணிப் பாருங்கள். காசு போகிறது, பொருள் வருகிறது. இதைத் திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கையைத்தான் அந்த இளைஞர் விற்றார், நாம் வாங்கினோம்.

நாம் விட்ட முதற் பிழை, விற்கப் போவதற்கு முன் கேட்கப் போகாதது. இணையத்தின் பெரிய பயன் கேட்டறிவதில் இருக்கிறது. இதற்கு எமது நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. மகாவலித் திட்டத்தில் நிலமிழந்த குடும்பங்களையும் கொண்ட கொத்மலைப் பகுதியில் 1989 இல் ஒரு சமூக வானொலி தொடங்கப்பட்டது. 1999 இல் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்த வானொலி நிலையத்துக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. அக்காலத்தில் அங்குள்ள விவசாயிகளில் கணனியைக் கண்டவர்களே சிலர்தான். அவர்கள் தங்கள் கேள்விகளை வானொலிக்கு அனுப்பினார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் இணையத்தில் தேடி, விடயம் தெரிந்தவர்களையும் அருகில் இருத்தி, கிடைத்த விடையைத் தம் மக்களின் மொழியில் ஒலிபரப்பினார்கள். ஒரேயொரு இணைப்பு, அதைக் கேட்டது ஒரு பிரதேசம் முழுவதும். ஆளுக்கொரு தொலைபேசி இருந்தும், இன்று எம்மில் எத்தனை பேர் முந்திரிகையின் கொழும்பு விலையைத் தேடிப் பார்க்கிறோம்?

கேட்டறிவது பணமாக மாறும் என்பதற்குக் கேரளக் கரையில் நடந்ததைச் சொல்லலாம். 1997 ஜனவரியில் ஒருநாள் காலை, வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் தமது சாளை மீனைக் கொட்டிவிடும் நிலையில் நின்றார்கள். அதே வேளையில், 15 கிலோமீற்றர் தூரத்துக்குள் இருந்த வேறு துறைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையுடன் திரும்ப இருந்தார்கள். அந்த ஆண்டுதான் அக்கரையில் கைத்தொலைபேசி வரத் தொடங்கியது. கடலில் நின்றபடியே எந்தத் துறையில் என்ன விலை என்று மீனவர் கேட்கலானார்கள். இதை ஆராய்ந்த பொருளியலாளர் றொபர்ட் ஜென்சன் 2007 இல் வெளியிட்ட கட்டுரையில், மீனவரின் இலாபம் சராசரி 8 வீதம் கூடியதாகவும், வாங்குபவர் கொடுத்த விலை 4 வீதம் குறைந்ததாகவும், வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமற் போனதாகவும் காட்டினார். அங்கே எவரும் இணையத்தளம் கட்டவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. எங்கே கொண்டுபோவது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். வாவியில் இறாலும் நண்டும் பிடிப்பவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

அடுத்ததாக, அந்த "முதற் பக்கம்" என்ற வாக்குறுதி. தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று எமக்குத் தெரிந்திருந்தால் அன்றே எழுந்து வந்திருப்போம். கூகுள் 1998 இல் தொடங்கியது. அதன் இயந்திரங்கள் இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்து, புத்தகத்தின் இறுதியிலுள்ள சொல்லடைவுபோல ஒரு பெரிய அட்டவணையைத் தயாரித்து வைத்திருக்கின்றன. நாம் ஒரு சொல்லைத் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்தே விடை வருகிறது. யார் முன்னே, யார் பின்னே என்பதைப் பல அம்சங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றுள் பழமையானது, எத்தனை வேறு பக்கங்கள், எவ்வளவு மதிப்புள்ள பக்கங்கள், இந்தப் பக்கத்தைச் சுட்டுகின்றன என்பது. ஊரில் ஒருவரைப் பற்றி நாலு நல்ல மனிதர் சாட்சி சொல்வது போன்றது அது. நேற்றுப் பிறந்த தளத்துக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? முதலிடத்தை எவராலும் உத்தரவாதப்படுத்த முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிக் குறிப்புகளில் சொல்கிறது. உத்தரவாதம் தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

பணம் கொடுத்து மேலே வரலாம், அது விளம்பரம். கூகுள் அதை 2000 இல் தொடங்கியது. எவராவது அந்த விளம்பரத்தைத் தொட்டால் தொடுகைக்கு இவ்வளவு என்று கழிக்கப்படும். வாங்கினாலும் கழியும், வாங்காமற் போனாலும் கழியும். மட்டக்களப்புத் தயிருக்கு இப்படி விளம்பரம் போட்டால் ரொறன்ரோவிலுள்ள எமது பிள்ளைகள் ஊர் ஞாபகத்தில் ஆசையோடு தொடுவார்கள். தயிர் அங்கே போகப் போவதில்லை. காசு மட்டும் கழிந்துகொண்டிருக்கும். எந்த ஊரவர் கண்ணில் பட வேண்டும் என்று எல்லை போடலாம். அதை எமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

காசில்லாமற் செய்யக்கூடியதும் உண்டு. கூகுள் வரைபடத்தில் ஒரு வியாபார நிலையத்தை இலவசமாகப் பதியலாம். இடம், தொலைபேசி இலக்கம், திறக்கும் நேரம், படங்கள் ஆகியவற்றைச் சேர்க்கலாம். நகரத்துக்கு வந்து "அருகில் தயிர் எங்கே" என்று தேடும் பிரயாணிக்கு அது போதும். ஆனால் இங்கேதான் எமது மக்களுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. பல மீள்குடியேற்றக் கிராமங்களில் ஒழுங்கைக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்கு இலக்கம் கிடையாது. ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கொக்கட்டிச்சோலையை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பஸ் பலகைகளில் பாருங்கள்! பெயர்ப்பலகையிலும் பொதியிலும் வரைபடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலை, தமிழிலும் ஆங்கிலத்திலும், சங்கம் ஒருமுறை தீர்மானித்து எழுதிவைத்துவிட்டால் தேடுபவருக்கு எம்மைக் கண்டுபிடிப்பது இலகு. சின்ன வேலை; ஒரு மாலைப்பொழுது போதும்.

இனி எம்மை மிகவும் உறுத்துகின்ற விடயத்துக்கு வருவோம். 1990 இலும், 2004 கடற்கோளிலும், 2006, 2007 இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வெளியேறியபோதும் எத்தனை குடும்பங்கள் காணி உறுதியையும் அனுமதிப் பத்திரத்தையும் இழந்தன! நிலம் இருந்தது, பரம்பரையாக உழுத கையும் இருந்தது; கடதாசி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கடதாசியின் பெறுமதியை எமது மக்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அப்படியிருந்தும் இணையத்தில் எமது உறுதியை முன்பின் தெரியாத ஒருவரின் பெயரில் எழுதக் கொடுத்தோம். இணைய முகவரியைப் பதிந்தவர் யாரோ அவர்தான் அதன் சொந்தக்காரர். முகநூல் பக்கத்தின் கடவுச்சொல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கடையின் திறப்பை வைத்திருப்பவர். இலங்கையில் இந்த முகவரிகளைப் பதிவுசெய்வது எல்.கே. டொமைன் ரெஜிஸ்ட்ரி. 2010 முதல் ".இலங்கை" என்று முடியும் முகவரிக்குத் தமிழ் எழுத்திலும் வழி பிறந்திருக்கிறது. முகவரி சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், சந்தாப் பற்றுச்சீட்டு சங்கத்தின் கோவையில் இருக்க வேண்டும். தளத்தைக் கட்டுபவர் கொத்தனார் மட்டுமே, காணி அவருடையதல்ல.

இன்னொன்றும் நடக்கிறது. பல சங்கங்களில் பக்கத்தை நடத்துவது தலைவியின் மகனோ மருமகளோதான். ஒருநாள் அந்தப் பிள்ளை கட்டாருக்குப் போய்விடுகிறது; கடவுச்சொல்லும் கூடவே விமானம் ஏறிவிடுகிறது. எமக்குத் தெரிந்த ஒரு பக்கத்தில், நின்றுபோன தொலைபேசி இலக்கத்துக்கு இன்றும் மக்கள் "விலை என்ன" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய தளங்களில் கடை விரிப்பது நல்லதா என்று சிலர் கேட்கிறார்கள். மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படுமுன் நாமெல்லாரும் பாதைக்காகக் காத்து நின்றவர்கள். பாதை இல்லாமல் அக்கரை சேர முடியாது. ஆனால் அது போகும் நேரத்தை நாம் தீர்மானிப்பதில்லை. இந்தத் தளங்களும் அப்படித்தான். இடைத்தரகர் ஒழிந்துவிட்டார் என்று விளம்பரம் சொல்கிறது. ஒழியவில்லை, சந்தையில் நின்றவர் இப்போது கணனிக்குள் இருக்கிறார். அவரும் தரகு எடுக்கிறார், திரும்பி வந்த பொருளின் செலவை எமது தலையில் கட்டுகிறார், பணத்தைத் தமது தவணைப்படி தருகிறார். ஆகவே கணக்குப் பார்த்து இறங்க வேண்டும். ஓர் உதாரணம்: 1,000 ரூபாவுக்கு விற்கும் பொதியில் தரகு 150, அனுப்பும் செலவில் எமது பங்கு 200, உறையும் பெட்டியும் 80 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 570. சந்தை வியாபாரி வீட்டு வாசலில் 600 தருவாரானால் இணையம் எதற்கு? அதே பொதியை ஐந்து மடங்கு பெரிதாக்கி அனுப்பினால் அனுப்பும் செலவு ஐந்து மடங்காகாது. அப்போது கணக்கு மாறலாம். தனியொரு வீட்டுக்கு அது முடியாது. இருபது வீட்டார் ஒரே பெயரில், ஒரே தரத்தில் சேர்த்துக் கொடுத்தால் முடியும்.

பொருளையும் பார்த்துத் தெரிய வேண்டும். முந்திரிகைப் பருப்பு, கருவாடு, பன்பாய், கைத்தறித் துணி ஆகியவை தூரம் போகும். தயிர்ச்சட்டி போகாது. நெல்லும் அரிசியும் பாரத்தால் தோற்றுவிடும். பொதியில் அடைத்த உணவானால் தயாரித்த திகதி, முடிவுத் திகதி, சேர்ந்த பொருட்கள், முகவரி எல்லாம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து வையுங்கள். வங்கிக் கணக்குக்கும் அது வேண்டும். பணம் அனுப்புவதாகச் சொல்லித் தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பவர் வாங்க வந்தவரல்ல, திருட வந்தவர்.

தயிரைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு இணையம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 இல் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்ததை நாம் மறக்கவில்லை. மாட்டுக்குப் புல்லில்லாத இடத்தில் தயிருக்கு முகநூல் பக்கம் திறந்து என்ன பயன்? எந்தத் தேடுபொறியிலும் மேய்ச்சல் தரை கிடைக்காது.

அந்த மாதர் சங்கம் மனம் சோர்ந்துவிடவில்லை. போன மாதம் ஒரு கொப்பி போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மூன்று இடத்து முந்திரிகை விலையைக் கேட்டு அதில் எழுதுகிறார்கள்: மட்டக்களப்பு நகரக் கடை, கொழும்பு வியாபாரி, இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் விலை. முதல் மூன்று வாரத்திலேயே ஊருக்கு வரும் வியாபாரியிடம் அந்தக் கொப்பியை விரித்துக் காட்டிப் பேரம் பேசியிருக்கிறார்கள். புதிய முகவரியைச் சங்கத்தின் பெயரில் பதிவதற்கான விண்ணப்பமும் நிரப்பப்பட்டுள்ளது. சுழற்சி நிதிக்குப் போன 35,000 ரூபாவை எப்படித் திரும்பக் கட்டுவது என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. எமது பங்கை நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். கடவுச்சொல்லை ஓர் உறையில் இட்டு, ஒட்டி, கையொப்பமிட்டுக் கணக்குப் புத்தகங்களோடு பெட்டியில் வைப்பதென்று தீர்மானம் எழுதினார்கள். பெட்டியின் இரண்டாவது திறப்பை யாரிடம் கொடுப்பது என்பதில் மட்டும் உடன்பாடு வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.