வேட்பாளரின் செலவுக் கணக்கையும் பாருங்கள்

நெல்லோ வாழையோ, பயிர் வைக்குமுன் உழவு, உரம், ஆள் கூலி என்று கணக்குப் பார்க்கிறோம். போட்ட பணம் திரும்பாத பயிரை மறுபடி வைப்பதில்லை. தேர்தலில் கோடிக்கணக்கில் பணம் போடுகிறவரும் இதே கணக்கைத்தான் பார்ப்பார். விவசாயிகள் இதை மறந்துவிடக் கூடாது.

திருச்சிக்கு மேற்கே அரவக்குறிச்சி, கிழக்கே தஞ்சாவூர். 2016ம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் இந்த இரு தொகுதிகளிலும் வாக்காளர்களுக்குப் பெருமளவில் பணம் வழங்கப்பட்டதாகக் கண்டு, தேர்தல் கமிஷன் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பர் 19ந் தேதிதான் வாக்குப்பதிவு நடந்தது.

வாக்குக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினால், ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 55 காசு. ஒரு டீக்குக்கூட ஆகாது. கொடுத்தவரோ அதை வட்டியோடு வசூலிக்க வழி தேடுவார். காவிரிப் பாசனப் பகுதியில் அதற்கு வாய்ப்புள்ள இடங்கள் ஆற்று மணல், வாய்க்கால் தூர்வாரும் கான்ட்ராக்ட், நெல் கொள்முதல் ஆகியவை. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள் என்பது நெடுநாளைய புகார். சரியாகத் தூர்வாராமல் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாவிட்டால், ஒரே போகத்தில் ஏற்படும் நஷ்டம் அந்த ஆயிரத்தைப் போலப் பல மடங்கு.

சட்டம் உண்டு, வேகம் இல்லை

சொத்துக் குவிப்பு வழக்கில் 27-9-2014 அன்று தண்டிக்கப்பட்டதும், ஸ்ரீரங்கம் உறுப்பினரும் முதலமைச்சருமான ஜெயலலிதா பதவி இழந்தார். 13-2-2015ல் ஸ்ரீரங்கத்தில் இடைத்தேர்தல் நடந்தது. பின்னர் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2017ல் உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தபோது அவர் காலமாகிவிட்டதால், அவர் மீதான வழக்கு அற்றுப்போயிற்று. 1996ல் எழுந்த புகார் முடிய இருபது ஆண்டு ஆயிற்று. அறுவடைக்குப் பின் மருந்தடித்துப் பயனில்லை. வருமுன் காப்பதே மேல்.

கம்பெனிப் பணம்

2018ல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்பது மக்களுக்குத் தெரியாது. 15-2-2024 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்து, விவரங்களை வெளியிடச் செய்தது. அதிகப் பத்திரம் வாங்கியது ஒரு லாட்டரி நிறுவனம். தொகை 1,368 கோடி ரூபாய். ஆளுங்கட்சிகளும் எதிர்க்கட்சிகளும் இத்திட்டத்தில் பணம் பெற்றுள்ளன. கம்பெனிகளுக்காக அரசிடம் காரியம் பேசுவோர் அமெரிக்காவில் 1995ம் ஆண்டுச் சட்டப்படி பெயரைப் பதிய வேண்டும். நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. அது வேண்டும் என்று விவசாய சங்கங்கள் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது

ஒன்று, பணத்தை வாங்காதீர்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் ஓராண்டு வரை சிறை செல்ல நேரிடும்.

இரண்டு, வேட்பாளர் தம் சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் தருகிறார். வாக்களிக்குமுன் அதைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.

மூன்று, சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022ல் 40 லட்சம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை என்பது பெரிய ஓட்டை. ஆயினும் முடிவு வெளியான 30 நாளுக்குள் வேட்பாளர் மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டரிடம் கணக்குத் தர வேண்டும். ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி அதை யாரும் பார்வையிடலாம் என்பது விதி. ஊரில் கண்ட பந்தலையும் வண்டிகளையும் அக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைதீர்க்கும் நாளுக்காகக் கலெக்டர் அலுவலகம் செல்லும்போது இந்த ஒரு ரூபாயையும் செலவழிக்கலாம். நம்மைக் கணக்குப் பார்க்கும் ஆட்கள் என்று தெரிந்தால் கேட்பவருக்கும் பயம் வரும்.